நிவாரண வாகனத்தில் ஹாம் ரேடியோ: பொருத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, தென்னந்தோப்புகள் தரைமட்டமாகியிருந்தன. அன்று காலை நாம் இரண்டு வாகனங்களில் பட்டுக்கோட்டை நோக்கிப் புறப்பட்டோம். ஒன்று தண்ணீரும் தார்ப்பாயும் ஏற்றிய வேன். மற்றொன்று ஆம்புலன்ஸ்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே செல்போன்களில் சிக்னல் போய்விட்டது. முன்னால் சென்ற வேன் ஒரு சாலையில் நுழைந்து, வேரோடு சாய்ந்த மரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. 'இந்த வழியில் வராதீர்கள்' என்று பின்னால் வந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை. சர்க்கரை நோயால் நினைவு தடுமாறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸும் அதே சாலையில் நுழைந்தது. திரும்பி வேறு வழி பிடித்து மருத்துவமனையை அடைய இரண்டரை மணி நேரம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தால் அந்த இரண்டரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகுதான் ஹாம் ரேடியோ பற்றி நாம் தேடிப் படிக்க ஆரம்பித்தோம். நம்மில் சிலர் தேர்வு எழுதி உரிமம் பெற்றார்கள். வாகனத்தில் கருவியைப் பொருத்தினோம். பொருத்தியதில் பல தவறுகளும் செய்தோம். பல ஊர்களில் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் ஆம்புலன்ஸ் வைத்திருக்கின்றன. நாம் செய்த தவறுகளை அவர்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஹாம் ரேடியோ ஏன்?

செல்போன் வேலை செய்ய வேண்டுமானால் கோபுரம் நிற்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், கோபுரத்தை இணைக்கும் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது போனாலும் நம் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான். ஹாம் ரேடியோவில் ஒரு கருவி நேரடியாக இன்னொரு கருவியுடன் பேசுகிறது. நடுவில் யாருடைய கோபுரமும் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில் ஹாம் வானொலிக் குழு ஒன்று வேறொரு நோக்கத்திற்காகப் போர்ட் பிளேயரில் இருந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்த நிலையில், அவர்களின் கருவிகள் வழியாகத்தான் பல குடும்பங்களைப் பற்றிய தகவல் நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தது.

முதலில் உரிமம், பிறகுதான் கருவி

இணையத்தில் மலிவாக வாக்கி டாக்கி கிடைக்கிறதே, வாங்கிப் பேசினால் என்ன என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. இந்தியாவில் ஹாம் ரேடியோ கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் வேண்டும். தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தொடக்க நிலை உரிமத்திற்கு மோர்ஸ் தந்தி மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஓர் அழைப்புக் குறியீடு தரப்படும். அது வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். பேசும்போது அந்தக் குறியீட்டைச் சொல்லித்தான் பேச வேண்டும். வாகனத்தில் வைத்து இயக்குவதற்கு உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இது ஒலிபரப்பு நிலையம் அல்ல. நம் கூட்ட அறிவிப்பு, வியாபாரம், பிரச்சாரம் எதையும் இதில் பேச முடியாது. சங்கேத மொழியில் பேசவும் அனுமதி இல்லை. அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது. நம்மை நம்பிக் கொடுக்கப்பட்ட அமானிதம்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

நாம் செய்த முதல் தவறு இங்கேதான். வாகனத்தின் முன்பலகையில் சிகரெட் லைட்டர் துளை இருக்கிறது, அதில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். கருவி ஆன் ஆனது, மற்றவர்கள் பேசுவது கேட்டது. மைக்கை அழுத்திப் பேசிய சில நொடிகளில் ஃபியூஸ் போய்விட்டது.

காரணம் எளிமையானது. வாகனங்களில் பொருத்தும் 50 வாட் கருவி ஒன்று, கேட்கும்போது அரை ஆம்பியர் அளவுதான் எடுக்கும். பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். லைட்டர் துளையும் அதற்குப் போகும் மெல்லிய ஒயரும் செல்போன் சார்ஜருக்குப் போதும்; இந்தச் சுமையைத் தொடர்ந்து தாங்காது. ஃபியூஸ் போனது நல்லதாயிற்று. யாராவது 'பெரிய ஃபியூஸ் போட்டுவிடலாம்' என்று போட்டிருந்தால் ஒயர் உருகி வண்டியே எரிந்திருக்கும்.

ஆகவே மின்சாரத்தை நேராகப் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து எடுக்க வேண்டும். அதில் கவனிக்க வேண்டியவை:

ஒயரின் தடிமன். பேட்டரியிலிருந்து கருவி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் மொத்தம் 10 மீட்டர். வீட்டு வயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால், 12 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட்தான் குறையும். 6 சதுர மில்லிமீட்டரில் இன்னும் குறைவு. கருவிகள் 13.8 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.5 வோல்ட் அளவில் இருக்கும். அதிலும் ஒன்றரை வோல்ட் போனால், பேச ஆரம்பித்ததும் கருவி அணைந்துவிடும். ஒயரில் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தி, அவசர நேரத்தில் ஊமையாகி நிற்பதில் என்ன லாபம்?

ஃபியூஸ். இது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். பலர் கருவியின் அருகில் ஃபியூஸ் வைத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். பேட்டரிக்கு அருகில் உள்ள ஃபியூஸின் முதல் வேலை ஒயரைக் காப்பது. நடுவழியில் ஒயரின் தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். அப்போது ஃபியூஸ் கருவிப் பக்கம் இருந்தால் அது எதையும் தடுக்காது. 50 வாட் கருவிக்கு 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கருவியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவையே போடுங்கள்.

நெகட்டிவ் இணைப்பு. பழைய வண்டிகளில் இதையும் நேராகப் பேட்டரி முனையில் கொடுப்பார்கள். இப்போது வரும் பல வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. நேராக முனையில் கொடுத்தால் நாம் எடுக்கும் மின்சாரம் அதன் கணக்கில் வராது; சார்ஜ் ஆவதில் குழப்பம் வரும். அப்படிப்பட்ட வண்டியில், பேட்டரியின் எர்த் பட்டை வண்டியின் உடலில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் நெகட்டிவைக் கொடுப்பதுதான் சரி. சந்தேகம் இருந்தால் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

ஒயர் போகும் பாதை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இரும்புத் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை விடவே கூடாது. வண்டி ஆட ஆட, தகட்டின் கூர்மையான விளிம்பு ஒயரை அறுத்துவிடும். சைலன்சர், பெல்ட், மின்விசிறி இவற்றின் பக்கம் ஒயர் போகக் கூடாது. நெளிவுக் குழாய்க்குள் விட்டு, அடிக்கு ஓரிடத்தில் கட்டிவிட வேண்டும்.

நேரடி இணைப்பில் ஒரு சிக்கலும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் கேட்பதால் மட்டும் பெரிய பேட்டரி இறங்கிவிடாது. ஆனால் நான்கைந்து நாள் மறந்துவிட்டால், அவசர அழைப்பு வரும்போது வண்டியே கிளம்பாது. ஆம்புலன்ஸுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. சாவியோடு சேர்ந்து அணையும் ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கருவியை எங்கே வைப்பது?

ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் பேச வேண்டியவர் ஓட்டுநர் அல்ல. அருகில் இருக்கும் உதவியாளர். வண்டி ஓட்டிக்கொண்டே கையில் தொடர்புக் கருவியைப் பிடித்துப் பேசுவதை மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலின் கீழ் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நோயாளியை ஏற்றிச் செல்பவரின் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும். மைக்கை உதவியாளர் பக்கம் மாட்டுங்கள்.

காற்றுப்பைகள் விரியும் இடங்களை விட்டு விலகியே எல்லாம் இருக்க வேண்டும். முன்பலகையின் மேல், கண்ணாடியை ஒட்டிய தூண் உறைகளுக்குள், இருக்கையின் பக்கவாட்டில் என்று காற்றுப்பை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதன் பாதையில் வைத்த கருவி விபத்தில் கல்லைப் போல் பாயும். இருபக்கப் பிசின் டேப் போட்டு ஒட்டுவதும் வேண்டாம்; போல்ட் போட்டுப் பொருத்துங்கள். தரையில் துளை போடுவதற்கு முன் கீழே குனிந்து பார்த்து, டீசல் குழாயோ பிரேக் குழாயோ போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல கருவிகளில் முகப்புப் பலகையைத் தனியே கழற்றி மேலே பொருத்தலாம். உடல் பகுதியை இருக்கைக்கு அடியில் வைக்கலாம். நாம் அப்படித்தான் வைத்தோம். பேசும்போது அது சூடாகும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். துணி, பெட்ஷீட் எதையும் அதன் மேல் திணிக்கக் கூடாது.

ஆண்டெனாவில்தான் பாதி விஷயம்

வண்டிக்குள் அமர்ந்து கையடக்க வாக்கி டாக்கியில் பேசினால் ஏன் தூரம் போவதில்லை? சுற்றிலும் இரும்பு. அலைகள் கண்ணாடி வழியாக மட்டுமே கசிய வேண்டியிருக்கிறது. ஆண்டெனா வெளியே, உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி போதும். ஆனால் கம்பி மட்டும் ஆண்டெனா ஆகிவிடாது. அதன் அடியில் இருக்கும் இரும்புக் கூரையும் ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. அதனால்தான் கூரையின் நடுப்பகுதி சிறந்த இடம். பம்பரிலோ ஓரத்திலோ வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் போகும்.

கூரையில் துளையிட விரும்பாதவர்கள் காந்த அடி உள்ள ஆண்டெனாவை வைக்கலாம். ஆனால் சில ஆம்புலன்ஸ்களின் மேற்கூரை ஃபைபரால் ஆனது. அதில் காந்தமும் ஒட்டாது, ஆண்டெனாவுக்குத் தேவையான இரும்புப் பரப்பும் இருக்காது. அத்தகைய வண்டியில் கூரையின் உட்புறம் ஒரு உலோகத் தகடு பொருத்தி அதன் மேல் ஆண்டெனாவை அமைக்க வேண்டும்.

கேபிளைக் கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். நசுங்கிய கேபிள் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். பொருத்தி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் கருவிக்கே திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1.5க்குள் இருந்தால் மிக நல்லது. 3ஐத் தாண்டினால் பேசுவதை நிறுத்திவிட்டு, கேபிளையும் இணைப்பையும் சரிபாருங்கள். இல்லையென்றால் கருவியின் உள்பகுதி எரிந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. புயலுக்குப் பின் மின்கம்பிகள் தாழத் தொங்கும். உயரமான வண்டியின் மேல் நீண்ட ஆண்டெனாவோடு அப்படிப்பட்ட தெருவில் நுழையாதீர்கள். அது மின்சாரம் இல்லாத கம்பி என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கஜா நேரத்துச் சாலைகளைப் பார்த்ததால்தான் நாம் நீண்ட ஆண்டெனாவைத் தவிர்த்து 50 சென்டிமீட்டர் கம்பியோடு நிறுத்திக்கொண்டோம்.

ஸ்பீக்கர்: கேட்காவிட்டால் எல்லாம் வீண்

எல்லாவற்றையும் சரியாகப் பொருத்திய பிறகும் நமக்கு ஒரு குறை இருந்தது. எதிர்முனையில் பேசுவது புரியவில்லை. கருவி இருக்கைக்கு அடியில். அதன் சிறிய ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. மேலே எஞ்சின், ஏசி, சைரன் சத்தம்.

உடனே நாம் செய்தது அடுத்த தவறு. பழைய மியூசிக் செட்டிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய கதவு ஸ்பீக்கர்களை ஒன்றாகச் சேர்த்து மாட்டினோம். சத்தம் பெரிதானது. ஆனால் வார்த்தைகள் குடத்துக்குள் பேசுவதுபோல் மொத்தையாகக் கேட்டன. அடுத்த சில நாட்களில் கருவியின் ஒலிப் பகுதியே பழுதானது.

பழுது பார்த்தவர் சொன்ன பிறகுதான் இரண்டு விஷயங்கள் புரிந்தன.

ஒன்று, பேச்சு வேறு, இசை வேறு. ரேடியோவில் வரும் மனிதப் பேச்சு ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். கீழ்ஸ்தாயியை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர் எஞ்சின் இரைச்சலோடு சேர்ந்து பேச்சை மூடிவிடுகிறது. கையளவு உள்ள, பேச்சுக்கென்றே செய்யப்பட்ட சிறிய ஸ்பீக்கரே போதும். காதுக்கு அருகில், காதை நோக்கி வைத்தால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும்.

இரண்டு, ஓம் கணக்கு. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் வரையுள்ள ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. கார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 4 ஓம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். கருவி தாங்க முடியாத மின்னோட்டத்தைத் தர வேண்டியதாகி எரிந்துபோகிறது. இரண்டு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் 8 ஓம் கொண்டதாக இரண்டு வாங்குங்கள். சேர்த்தால் 4 ஓம் வரும்.

இன்னொரு நுணுக்கம்: சில கருவிகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களில் எதையும் வண்டியின் உடலில் எர்த் செய்யக் கூடாது. மியூசிக் செட் பழக்கத்தில் எலக்ட்ரீஷியன் ஒரு ஒயரை உடலில் கொடுத்துவிட்டால் கருவி போய்விடும். வண்டியின் மியூசிக் செட் ஸ்பீக்கரிலேயே இந்த ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுவதும் கூடாது. ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குள் பாய்ந்து இரண்டையும் கெடுக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஸ்பீக்கர் என்பதே பாதுகாப்பு.

இப்போது நம் வண்டியில் உதவியாளர் தலைக்குப் பின்னால் ஒரு சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. நோயாளி இருக்கும் பின்பகுதியில் மற்றொன்று, சுவிட்சோடு. தேவையில்லாதபோது அது அணைந்தே இருக்கும். துன்பத்தில் இருப்பவரின் காதருகே யாருடைய சத்தமும் ஒலிக்க வேண்டியதில்லை.

அறிவிப்புக்காகக் கூரையில் புனல் ஒலிபெருக்கி வைத்திருக்கும் வண்டிகளில், அதை ஆண்டெனாவிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். சைரனுக்கும் ரேடியோவுக்கும் தனித்தனி மின் இணைப்பு கொடுங்கள். பொது இடத்தில் ஒலிபெருக்கி பயன்படுத்த அனுமதி வேண்டும் என்பதும், இரவு 10 முதல் காலை 6 மணி வரை தடை என்பதும் ஒலி மாசு விதிகளில் உள்ளவை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்ற சத்தம் ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. நேரடி பேட்டரி இணைப்பும் சுத்தமான எர்த்தும் பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். பெட்ரோல் வண்டியில் 'டிக் டிக்' என்று வந்தால் ஸ்பார்க் பிளக் காரணம். எஞ்சினை அணைத்த பின்பும் இரைச்சல் இருந்தால் மலிவான செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். குற்றவாளி தானாகவே அகப்படும். அதன் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் குறையும்.

எதிர்த்திசையிலும் சோதிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மைக்கை அழுத்துங்கள். முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, கதவுப் பூட்டு தானாக அசைகிறதா, பின்பகுதியில் உள்ள மருத்துவக் கருவிகளின் திரை தடுமாறுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று நடந்தால், சரிசெய்யும் வரை நோயாளியோடு அந்த வண்டியில் ரேடியோவை இயக்கக் கூடாது. பேசும்போது ஆண்டெனாவை யாரும் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது.

பேசும் ஒழுங்கு

நாம் பேசுவதை அந்த அலைவரிசையில் இருக்கும் யாரும் கேட்கலாம். எனவே நோயாளியின் பெயர், நோய், குடும்ப விவரம் எதையும் சொல்ல வேண்டாம். 'பெண், 60 வயது, அவசரம்' என்பது போதும். அடுத்தவரின் மானத்தைக் காப்பது காற்றில் பேசும்போதும் கடமைதான்.

கருவியைப் பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. மாதம் ஒருமுறையாவது இரண்டு வண்டிகளையும் வெவ்வேறு திசையில் அனுப்பிப் பேசிப் பாருங்கள். சமவெளியில் வண்டிக்கு வண்டி பத்து, இருபது கிலோமீட்டர் வரை எட்டலாம். கட்டடங்கள் அடர்ந்த ஊரில் அதில் பாதிகூட எட்டாமல் போகலாம். உங்கள் பகுதியில் எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்பதை ஒரு தாளில் குறித்து வண்டியிலேயே ஒட்டிவையுங்கள்.

கஜாவுக்குப் பிறகு நாம் பொருத்திய கருவி பெரும்பாலான நாட்களில் சும்மாதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். ஆனால் வானம் கறுக்கும்போது உதவியாளர் முதலில் மைக்கை எடுத்து மற்ற வண்டியைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் இரண்டு வண்டிகளும் தெருவைத் தாண்டுகின்றன.